கோட்டக்குப்பத்தின் கரை யாருக்குச் சொந்தம்?

செஞ்சிப் பக்கத்து அனந்தபுரத்தில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி எழுதுவதா என்று சிலர் கேட்கக்கூடும். ஏரியும் கிணறும்தான் எங்களுக்குத் தெரிந்த தண்ணீர். ஆனால் நாங்கள் வாழும் விழுப்புரம் மாவட்டத்துக்குக் கடலும் உண்டு. மாவட்டத்தில் மூன்று நகராட்சிகள்: விழுப்புரம், திண்டிவனம், கோட்டக்குப்பம். முதல் இரண்டும் உள்நாட்டு ஊர்கள். கடலோரத்தில் இருப்பது கோட்டக்குப்பம் ஒன்றுதான். அந்த ஊர் தன் கரையைச் சிறிது சிறிதாக இழந்து வருகிறது. மாவட்டத் தலைநகரில் இதைப் பற்றிய பேச்சே இல்லை. நம் சமுதாயப் பத்திரிகைகளிலும் இல்லை. எனவே எழுத வேண்டியிருக்கிறது.

கோட்டக்குப்பத்தைத் தெரியாதவர் குறைவு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குள் நுழைவதற்கு முன் வரும் கடைசித் தமிழக ஊர் அது. வானூர் வட்டத்தைச் சேர்ந்தது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 30,000-க்கும் மேல். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். ஜாமிஆ மஸ்ஜிதும், நீண்ட காலமாக இயங்கிவரும் அஞ்சுமன் நுஸ்ரத்துல் இஸ்லாம் பொது நூலகமும் அதன் அடையாளங்கள். அதே ஊரின் கிழக்கு ஓரத்தில் மீனவர் குடியிருப்புகள். கோட்டக்குப்பத்திலும் அதையொட்டியும் நடுக்குப்பம், தந்திராயன்குப்பம், முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று வரிசையாகக் கடலைப் பார்த்த ஊர்கள். குப்பம் என்றால் மீனவர் குடியிருப்பு. சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கிச் செல்லும் இடம். கடலுக்குப் போகிறவரும் சாலையில் போகிறவரும் சேர்ந்து உண்டாக்கிய பகுதி என்பதை ஊர்ப் பெயர்களே சொல்லிவிடுகின்றன.

2021-இல் கோட்டக்குப்பம் பேரூராட்சி, நகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. 2016-க்குப் பிறகு ஐந்தாண்டுகளுக்கு மேல் தமிழக நகர்ப்புறங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சியே இல்லாத நிலை நீடித்து, ஒருவழியாக 2022 பிப்ரவரி 19-இல் தேர்தல் நடந்தது. 27 வார்டுகளுக்கும் உறுப்பினர்கள் வந்தார்கள். தரம் உயர்ந்தது, சரி. அதிகாரம் உயர்ந்ததா?

கோடு போட்டவர்கள்

இந்த ஊரின் வரலாறே ஓர் எல்லைக்கோட்டின் வரலாறுதான். 1674-இல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் கால் ஊன்றினார்கள். பிறகு டச்சுக்காரர்கள் பிடித்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள். 1761, 1778, 1793 என்று மூன்று முறை ஆங்கிலேயர் கைப்பற்றினார்கள், மூன்று முறையும் திருப்பிக் கொடுத்தார்கள். ஐரோப்பாவில் இரண்டு அரசர்கள் சண்டை போட்டால் இங்கே எல்லை மாறும்; அவர்கள் சமாதானமானால் மறுபடியும் மாறும். கடைசியில் நிலைத்த எல்லைக்கு அந்தப் பக்கம் முத்தியால்பேட்டை பிரெஞ்சுக்காரனுக்கு, இந்தப் பக்கம் கோட்டக்குப்பம் ஆங்கிலேயனுக்கு. இடையில் மலை இல்லை, ஆறு இல்லை. ஒரு தெருவைத் தாண்டுவதுதான்.

ஆனால் அந்தத் தெருவைத் தாண்டினால் சுங்கம் வேறு, போலீஸ் வேறு, நாணயம் வேறு. 1941-இல் இரு தரப்புக்கும் இடையே சுங்க ஒன்றியம் ஏற்பட்டது. சுதந்திரத்துக்குப் பின் 1949-இல் அது முடிவுக்கு வந்ததும் மறுபடியும் கெடுபிடி. 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்து, நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நிறைவேறியது. அப்போது புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்களுக்கு, விரும்பினால் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையையே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் வாய்ப்பு கொடுக்கப்பட்டது. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவரின் பேரப்பிள்ளைகள் இன்று பிரான்சில் ஓட்டுப் போடுகிறார்கள். இந்தப் பக்கம் இருந்தவருக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. நூறு அடி தூரத்தில் தலையெழுத்து இப்படி மாறிப்போயிற்று.

இந்த வட்டார முஸ்லிம்களுக்குக் கடல் அந்நியமானது அல்ல. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளிலிருந்து வியாபாரிகள் சைகோன் வரை போனார்கள். 1935-இல் அந்நகரில் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. இன்று பயணம் விமானத்தில். வருமானம் வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும். அதனால்தான் கடலை நாம் மறந்துவிட்டோமோ என்னவோ!

பிரெஞ்சுக்காரன் போய்விட்டான், ஆங்கிலேயனும் போய்விட்டான். கோடு மட்டும் போகவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்று பாருங்கள். முத்தியால்பேட்டை வரை புதுச்சேரி. கோட்டக்குப்பமும் பொம்மையார்பாளையமும் தமிழ்நாடு. பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு, கனகசெட்டிக்குளம் மறுபடியும் புதுச்சேரி. அதைத் தாண்டினால் மறுபடியும் தமிழ்நாடு. சில கிலோமீட்டருக்குள் மூன்று முறை ஆட்சி மாறுகிறது. ஆனால் கரை ஒன்றுதான், அலை ஒன்றுதான், மணலும் ஒன்றுதான்.

மணல் போகும் பாதை

கரை ஏன் அரிக்கிறது? கடல் கோபித்துக்கொண்டது என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. உண்மை அதுவல்ல.

நம் கிழக்குக் கடற்கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றை ஒட்டிய மாதங்களில், அதாவது மார்ச் முதல் அக்டோபர் வரை, அலைகள் மணலைக் கரையோரமாக வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. வாடைக் காற்றுக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கு நோக்கியே போகிறது. ஓர் ஊர் இழக்கும் மணலைத் தெற்கே உள்ள ஊரின் மணல் வந்து நிரப்பும். கடற்கரை என்பதே இப்படித் தொடர்ந்து நடக்கும் ஒரு கொடுக்கல் வாங்கல்தான்.

இந்தப் பாதையில் குறுக்கே சுவர் வைத்தால் என்ன ஆகும்? சுவருக்குத் தெற்கே மணல் குவியும். வடக்கே உள்ளவனுக்கு வரவு நின்றுவிடும்; செலவு மட்டும் தொடரும். இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலில் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்ற கடற்கரையானது. வடக்கே ராயபுரம் பகுதி கரையை இழந்தது. மெரினாவில் காற்று வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு, தங்கள் காலடியில் இருப்பதில் வடசென்னை மீனவனின் மணலும் உண்டு என்பது தெரியும்?

ஒரு நூற்றாண்டு கழித்து அதே தவறு புதுச்சேரியில் நடந்தது. 1986-க்கும் 1989-க்கும் இடையில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. தெற்கே தேங்கும் மணலை இயந்திரம் வைத்து அள்ளி வடக்கே சேர்ப்பது என்பதும் அந்தத் திட்டத்தின் ஒரு பகுதிதான். சுவர் கட்டப்பட்டது. மணல் அள்ளிச் சேர்க்கும் வேலை ஒழுங்காக நடக்கவில்லை. சில ஆண்டுகளில் புதுச்சேரி நகரத்தின் மணற்கரை மறைந்தது. நகரத்தைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டினார்கள். கல் நகரத்தைக் காத்தது. அரிப்பை வடக்கே அனுப்பிவைத்தது.

வடக்கே யார் இருந்தார்கள்? எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்த குப்பங்கள்!

பிறகு தமிழகப் பக்கத்திலும் கல் கொட்டப்பட்டது. கடலுக்குள் நீட்டிய கல்வரிசைகளும் போடப்பட்டன. தந்திராயன்குப்பத்தில் கல் விழுந்தால் அதற்கு வடக்கே அரிக்கும். அங்கேயும் கல் போட்டால் அதற்கும் வடக்கே அரிக்கும். ஒரு குப்பத்தைக் காக்கும் கல்லே அடுத்த குப்பத்துக்கு எமனாகிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குகள் சென்றன. இதற்கிடையே 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்தபோது பொம்மையார்பாளையத்திலும் பக்கத்துப் பிள்ளைச்சாவடியிலும் வீடுகள் கடலில் விழுந்தன. முதல் ஊர் தமிழ்நாடு, இரண்டாவது புதுச்சேரி. கடல் ரேஷன் கார்டைப் பார்த்து இடிப்பதில்லை.

மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். 1990 முதல் 2018 வரையிலான ஆய்வின்படி தமிழகக் கடற்கரையில் ஏறத்தாழ 43 சதவீதமும், புதுச்சேரிக் கடற்கரையில் ஏறத்தாழ 56 சதவீதமும் அரிப்புக்கு உள்ளாகியிருக்கின்றன. மறைக்க வேண்டிய ரகசியம் எதுவும் இல்லை. நோய் தெரியும், காரணமும் தெரியும், மருந்தும் தெரியும்.

மருந்து வேலை செய்யும் என்பதற்குச் சான்றும் உண்டு. 2018-இல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் புதுச்சேரித் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் இரும்பாலான ஒரு செயற்கைத் திட்டை இறக்கியது. நகரக் கடற்கரையின் ஒரு பகுதியில் மணல் திரும்பி வந்தது. சுற்றுலாப் பயணிகள் மகிழ்ந்தார்கள். நாமும் மகிழ்கிறோம். ஆனால் சுற்றுலாப் பயணி நிற்கும் இடத்துக்கு அறிவியல், மீனவன் நிற்கும் இடத்துக்குக் கருங்கல் என்றால் அது என்ன நியாயம்?

மணல் என்றால் வெறும் மணலா?

நகரவாசிக்குக் கடற்கரை என்பது மாலை நேரத்துக் காற்று. மீனவனுக்கு அது பட்டறை, களஞ்சியம், சந்தை எல்லாமே. படகை ஏற்றி வைக்க மணல் வேண்டும். வலையை விரித்துப் பழுது பார்க்க மணல் வேண்டும். கரைவலை இழுக்க நீண்ட மணற்பரப்பு வேண்டும். பெண்கள் கருவாடு காயவைக்க இடம் வேண்டும். கருங்கல் குவியலில் பைபர் படகை ஏற்ற முடியுமா? கரை போனால் படகை வேறு ஊர்க் கரையில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அங்கே இருப்பவனுக்கும் இடம் போதாது. அங்கிருந்து தொடங்குகிறது அடுத்த சண்டை.

இது மீனவர் பிரச்சினை, நமக்கென்ன என்று கோட்டக்குப்பத்துத் தெருக்களில் இருக்கும் நம் சகோதரர்கள் நினைத்தால் அது பெரும் தவறு. கடல் நெருங்கினால் நிலத்தடி நீர் உப்பாகும். கிணற்றுக்கும் ஆழ்குழாய்க்கும் மதம் தெரியாது. 2024 நவம்பர் 30 இரவில் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் மயிலத்தில்கூட ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் பக்கத்து வயல்களும் மூழ்கின. புயலுக்கு முதல் தடுப்பு கடற்கரை. அந்தத் தடுப்பு தேய்ந்துகொண்டிருக்கும்போது பின்னால் இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்க முடியாது.

மாட்டுப் பட்டிக்கு இடம் உண்டு, கடலுக்கு இல்லை

இப்போது நம் கேள்விக்கு வருவோம். கடலோர நகராட்சிக்குத் தன் கடலின் மீது என்ன உரிமை இருக்கிறது?

1992-இல் நிறைவேறி 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தங்கள் உள்ளாட்சிகளுக்கு இரண்டு பட்டியல்களைத் தந்தன. ஊராட்சிகளுக்கான பதினோராவது அட்டவணையில் 29 இனங்கள். அதில் ஐந்தாவது இனம் மீன்வளம். நகராட்சிகளுக்கான பன்னிரண்டாவது அட்டவணையில் 18 இனங்கள். சாலை உண்டு, குடிநீர் உண்டு, தெருவிளக்கு உண்டு, சுடுகாடு உண்டு, இறைச்சிக் கூடம் உண்டு. தெருவில் திரியும் மாட்டைப் பிடித்து அடைக்கும் பட்டியும் உண்டு. மீன்வளம் இல்லை. கடற்கரை என்ற சொல்லே இல்லை. கிராமமாக இருந்தால் மீன் உன் பொறுப்பு; நகரமாகிவிட்டால் மாடு மட்டும்தான் உன் பொறுப்பு. விசித்திரமாக இல்லையா?

கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கைகள் 1991, 2011, 2019 ஆகிய ஆண்டுகளில் வந்தன. அவற்றின்படி முடிவெடுக்கும் ஆணையம் தமிழகத்துக்குத் தனி, புதுச்சேரிக்குத் தனி. துறைமுகம் ஓர் அரசிடம், கல் கொட்டும் துறை இன்னோர் அரசிடம், அனுமதி டெல்லியில். 27 வார்டு உறுப்பினர்களும் சேர்ந்து தீர்மானம் போட்டாலும் ஒரு கூடை மணலை வடக்கே நகர்த்த முடியாது.

உலகத்தில் எல்லா இடத்திலும் இப்படித்தானா? பிலிப்பைன்ஸ் நாட்டைப் பாருங்கள். பிலிப்பைன்ஸ் என்றதும் நமக்கு மிண்டனாவோவும் மோரோ முஸ்லிம்களின் நீண்ட போராட்டமும், 2019-இல் உருவான பாங்சாமோரோ தன்னாட்சிப் பிரதேசமும் நினைவுக்கு வரும். அந்நாட்டிடம் நாம் கற்க இன்னொன்றும் உண்டு. 7,600-க்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட நாடு அது. நம் கோட்டக்குப்பத்தைப் போன்ற சிறு கடலோர நகராட்சிகள் அங்கே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. 1991-இல் அவர்கள் இயற்றிய உள்ளாட்சிச் சட்டம், கரையிலிருந்து 15 கிலோமீட்டர் வரையிலான கடலை நகராட்சிக் கடல் என்று வகுத்தது. அதில் மீன்பிடிக்க உரிமம் தருவது நகராட்சி மன்றம். சிறு மீனவனுக்கே அங்கு முன்னுரிமை. 1998-இன் மீன்வளச் சட்டம் அதை மேலும் உறுதி செய்தது. பெரிய கப்பல் முதலாளிகளுக்கு இது கசந்தது. அண்மை ஆண்டுகளில் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு அதை உடைக்கப் பார்க்கிறார்கள். சிறு மீனவர்கள் எதிர்த்துப் போராடுகிறார்கள். போராடுவதற்கு அவர்கள் கையில் ஒரு சட்டமாவது இருக்கிறது. நம் கையில் என்ன இருக்கிறது?

அப்படியே அதைக் காப்பியடிக்கச் சொல்லவில்லை. ஊர்க்கடல் ஊருக்கு என்ற அடிப்படை சரியானது என்கிறோம். அதே நேரத்தில், ஒரு நகராட்சிக்கு அதிகாரம் கொடுத்தால் மட்டும் மணல் திரும்பிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தன் வார்டுக்கு மட்டும் கல் கேட்கும் நகராட்சி பக்கத்து ஊரைக் கடலில் தள்ளிவிடும். எனவே ஊருக்கு உரிமையும் வேண்டும், கரை முழுவதற்கும் ஒரே திட்டமும் வேண்டும்.

காவிரிக்கு முடிந்தது, கடலுக்கு முடியாதா?

இரண்டு அரசுகள் ஒரே மேசையில் உட்காருவது நடக்காத காரியம் என்பார்கள். ஏன் நடக்காது? 2018-இல் அமைக்கப்பட்ட காவிரி நீர் மேலாண்மை ஆணையத்தில் தமிழகமும் புதுச்சேரியும், கர்நாடகத்தோடும் கேரளத்தோடும் சேர்ந்து உட்காருகின்றன. காரைக்காலுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதால் புதுச்சேரிக்கு அங்கே நாற்காலி கிடைத்தது, நியாயம்தான். தண்ணீரைப் பங்கிட ஆணையம் இருக்கும்போது மணலைப் பங்கிட ஏன் இருக்கக்கூடாது? காவிரியில் கடைமடைக்கு உரிமை உண்டு என்று நாம் வாதாடுகிறோம். மணல் ஓடும் பாதையில் கோட்டக்குப்பமும் பொம்மையார்பாளையமும்தான் கடைமடை!

எனவே நாம் கேட்பவை இவை:

1. புதுச்சேரித் துறைமுகம் முதல் கனகசெட்டிக்குளத்துக்கு அப்பால் வரை ஒரே கரையாகக் கொண்டு, தமிழகமும் புதுச்சேரியும் சேர்ந்து ஒரு கூட்டு அமைப்பை ஏற்படுத்த வேண்டும். அதில் கோட்டக்குப்பம் நகராட்சிக்கும் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகளுக்கும் இடம் வேண்டும்.

2. துறைமுகத்துக்குத் தெற்கே தேங்கும் மணலை ஆண்டுதோறும் வடக்கே சேர்க்க வேண்டும். எவ்வளவு அள்ளினார்கள், எங்கே கொட்டினார்கள் என்ற கணக்கை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

3. எந்த ஊரில் கல் போடுவதானாலும், அதற்கு வடக்கே உள்ள ஊர்களுக்கு என்ன ஆகும் என்ற ஆய்வைத் தமிழில் வெளியிட்டு, அவர்களின் கருத்தைக் கேட்ட பிறகே போட வேண்டும்.

4. கடலோர நகராட்சிகளின் பணிகளில் கடற்கரையையும் மீன்வளத்தையும் தமிழக அரசு சட்டப்படி சேர்க்க வேண்டும். பன்னிரண்டாவது அட்டவணையில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்ற இனம் ஏற்கெனவே இருக்கிறது. மனம் இருந்தால் அதிலிருந்தே தொடங்கலாம்.

5. வீட்டை இழந்த மீனவர்களுக்குக் கடலுக்கு எட்டாத தூரத்தில் அல்ல, தொழில் செய்யக்கூடிய இடத்தில் வீடு தர வேண்டும். அவர்கள் விட்டு வந்த கரை ஓய்வு விடுதிக்காரர்களின் கைக்குப் போய்விடக் கூடாது.

கடைசியாக ஒரு வார்த்தை நம்மவர்களுக்கு. கோட்டக்குப்பத்தில் ஜமாஅத் இருக்கிறது. மீனவர் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறது. இரண்டும் தத்தம் மக்களின் சொல்லை ஒன்றுசேர்க்கத் தெரிந்த அமைப்புகள். ஜமாஅத் நிர்வாகிகள் ஒருநாள் குப்பத்துக்குப் போய், நாட்டார்களுடன் உட்கார்ந்து, இந்தக் கோரிக்கைகளுக்காகக் கூட்டாக ஒரு மனு எழுதினால் அதன் எடையே வேறு. பள்ளிவாசல் தெருவும் மீனவர் தெருவும் சேர்ந்து போட்ட கையெழுத்தை எந்த அரசும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இரு தெருக்களையும் பிரித்துப் பார்த்து லாபம் அடைய நினைப்பவர்களுக்கும் அதுவே பதிலாக இருக்கும்.

பிரெஞ்சுக்காரனும் ஆங்கிலேயனும் போட்ட கோட்டை அழிக்க நம்மால் முடியாமல் இருக்கலாம். அந்தக் கோட்டைக் காரணம் காட்டி இரண்டு அரசுகளும் கைகழுவுவதைத் தடுக்க முடியும். வாடைக் காற்று ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் வருகிறது. அடுத்த முறை அது வருவதற்குள் முதல் கடிதமாவது கோட்டக்குப்பத்திலிருந்து புறப்படுமா?